பிள்ளைகளுக்கு எவ்வளவு தீபாவளி வேண்டும்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழையும் குடும்பங்களில், நன்றாக நடக்கிற பிள்ளைகள்கூட இடுப்பில்தான் இருப்பார்கள். இறக்கிவிட்டால் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஜவுளிக்கடையில் நாலு மாடி ஏறி இறங்கி, ஐந்தாவது சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லும்போது பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழும். “வருஷத்துக்கு ஒரு நாள். உனக்காகத்தானே இவ்வளவும்!” என்று அம்மாவுக்கு ஆத்திரமாக வரும். அப்பா கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ‘இவ்வளவில்’ பிள்ளை கேட்டது எவ்வளவு என்று கணக்குப் போட்டால், பெரும்பாலான வீடுகளில் கால்பங்குகூடத் தேறாது. மிச்சமெல்லாம் சம்பந்தி வீட்டுக்கும், எதிர்வீட்டுக்கும், போன வருஷத்தைவிடக் குறைந்துவிடக் கூடாது என்ற வீம்புக்கும் ஆனது.

அடமா, அசதியா?

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரம். இது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் பரிந்துரை. தீபாவளி வாரத்தில் நம் வீடுகளில் நடப்பதோ வேறு. இரவு பதினொன்றுவரை கடைவீதி, மறுநாள் ஊருக்குப் பேருந்து, தீபாவளியன்று விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல். இரண்டு நாள் தூக்கம் கெட்ட பிள்ளை, புதுத்துணியின் கழுத்துப்பட்டி குத்துகிறது என்பதற்காகவே ஒரு மணி நேரம் அழும். அதை அடம் என்று எடுத்துக்கொண்டு அடி கொடுப்பவர்கள் உண்டு. அரை மணி நேரம் படுக்க வைத்தால் சரியாகிவிடும்.

செய்யக்கூடியது எளிது. துணி வாங்கும் வேலையைப் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே, வாரநாளில், பிள்ளை தூங்கி எழுந்த பிறகு முடித்துவிடலாம். சின்னக் குழந்தையென்றால் அளவுச் சட்டையை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் மட்டும் போனால் போதும். விடியற்காலைக் குளியல் வேண்டும் என்ற வீட்டில் முந்தின இரவு எட்டரைக்கே விளக்கை அணைத்துவிட வேண்டும்.

இனிப்பின் மேல் விழுந்த பழி

“ஜிலேபி சாப்பிட்டான், அதான் ஆடுகிறான்” என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் தீர்ப்பு. 1994-ல் அமெரிக்காவில் ஹூவர், மிலிச் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். சர்க்கரை சாப்பிட்டால் தங்கள் பிள்ளை நிலைகொள்ளாமல் ஆடுவான் என்று நம்பிய தாய்மார்களையும் அவர்களுடைய 5 முதல் 7 வயது மகன்களையும் அழைத்தார்கள். சிறுவர்கள் அனைவருக்கும் சர்க்கரையே இல்லாத செயற்கை இனிப்பைத்தான் கொடுத்தார்கள். ஆனால் தாய்மாரில் ஒரு பாதியினரிடம், பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்ததாகச் சொன்னார்கள். அப்படிக் கேட்ட தாய்மார்களுக்குத் தங்கள் மகன் அதிகமாக ஆடுவதாகவே பட்டது. அவர்கள் பிள்ளையை ஒட்டியே நின்றார்கள், அதிகமாகக் குறை சொன்னார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வும் சர்க்கரைக்கும் பிள்ளைகளின் நடத்தைக்கும் தொடர்பு காணவில்லை.

இதற்காக இனிப்புப் பெட்டியைத் திறந்து வைத்துவிட முடியாது. பற்சிதைவும் உடல்பருமனும் உண்மையான தொல்லைகள். உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 1,500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது சுமார் 37 கிராம், ஒன்பது தேக்கரண்டி. தீபாவளியன்று இதைத் தாண்டும்தான். ஒரு நாள் தாண்டினால் குடி முழுகாது. தாம்பூலப் பையிலும் பரிசுப் பெட்டியிலும் வந்து சேர்ந்தது பத்து நாள் தொடர்வதுதான் சிக்கல்.

பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியட்டும்

டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. நடைபழகி ஓடியாடும் வயதுக் குழந்தைகள் அவர்கள். நான்கு பொம்மைகள் மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றையும் நெடுநேரம், பல விதமாக வைத்து விளையாடினார்கள். பதினாறு பொம்மைகளைப் பரப்பியபோது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள். பெரியவர்கள் நிலையும் இதேதான் போலிருக்கிறது. கேசர், ஷெல்டன் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் 117 பேரிடம் கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று கேட்டார்கள். குடும்பத்தோடும் வழிபாட்டோடும் கழித்தவர்கள் அதிக மகிழ்ச்சியைச் சொன்னார்கள். செலவும் பரிசும் முன்னால் நின்ற இடத்தில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது.

அதனால் செலவுக்கு வரம்பு போடும்போது பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பணக்கணக்கு புரியும். “பட்டாசுக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய். அதற்குள் உனக்கு எது வேண்டும், நீயே எழுது” என்று விலைப்பட்டியலையும் பென்சிலையும் கையில் கொடுத்தால் போதும். இரண்டு நாள் அழித்து அழித்து எழுதும். ராக்கெட்டை வெட்டிவிட்டுப் புஸ்வாணம் சேர்க்கும். கடையில் நின்று கேட்டு அழுவதற்குப் பதில் வீட்டிலேயே பேரம் முடிந்துவிடுகிறது. கடன் வாங்கிக் கொண்டாடுகிற வீட்டில் பெரியவர்களின் சிடுசிடுப்பைப் பிள்ளைகள் எப்படியும் கவனிப்பார்கள். காரணம் தெரியாத சிடுசிடுப்பைவிடத் தொகை தெரிந்த பட்டியல் அவர்களுக்கு எளிது.

அடுப்படியில் யார்?

பண்டிகை மன உளைச்சலைப் பற்றிப் பேசும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அடுப்படி. மூன்று நாள் எண்ணெய்ச் சட்டி முன் நின்ற பெண்ணுக்குத் தீபாவளியன்று இடுப்புவலியும் தலைவலியும்தான் மிஞ்சும். ஏழு வகைப் பலகாரம் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. வீட்டில் ஓர் இனிப்பு, ஒரு காரம். மற்றது வேண்டுமானால் கடையில் வாங்கலாம். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரில் வந்த விதி. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கலாம்.

செய்கிற அந்த ஒரு காரத்தில் பிள்ளைகளையும் இழுத்துவிட வேண்டும். முறுக்கு உழக்கில் எந்த அச்சைப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால், தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கி ஓட்டைகளை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். ஓமப்பொடிக்கு ஓமத்தை அரைத்து வடிகட்டாமல் போட்டால் துளை அடைத்துக்கொள்ளும் என்பதை ஒரு முறை பார்த்த பிள்ளை மறக்காது. பிழிவது தாளிலோ கரண்டியிலோ இருக்கட்டும். கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் பெரியவர்கள் மட்டும். இப்படிச் சேர்ந்து செய்கிற குடும்ப வழக்கங்கள், சடங்குகள் பற்றி 50 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்த பார்பரா ஃபீஸி குழுவினர், அவை பிள்ளைகளின் உடல்நலத்தோடும் பெற்றோரின் தன்னம்பிக்கையோடும் தொடர்புள்ளவை என்று 2002-ல் எழுதினார்கள்.

பாம்பு மாத்திரைப் புகை

வெடிக்குப் பயப்படும் சின்னப் பிள்ளைக்கு ‘ஆபத்தில்லாதது’ என்று வாங்கித் தருவது பாம்பு மாத்திரை. புணேயின் மார்பு நோய் ஆய்வு மையம் 2016-ல் ஆறு வகைப் பட்டாசுகளின் புகையை அளந்தபோது முதலிடம் பிடித்தது இதுதான். ஒரு கன மீட்டர் காற்றில் 64,500 மைக்ரோகிராம் நுண்துகள். ஆயிரம் வாலாவைவிட அதிகம். 24 மணி நேரச் சராசரியாக இந்தியா அனுமதிக்கும் அளவு 60. பாம்பு எரிவது சில விநாடிதான் என்றாலும், பிள்ளைகள் அதைக் குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். இன்ஹேலரை முந்தின நாளே எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

பட்டாசுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் வரையறுத்தது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தார்கள். பலருக்கு இதில் எரிச்சல். ஆனால் செலவுக்கும் பிள்ளைகளின் தூக்கத்துக்கும் இதைவிட நல்ல வரம்பு கிடைக்காது. ஒரே தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து திறந்தவெளியில் கொளுத்தினால் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினாலே நிறையப் பார்க்கலாம்.

பட்டாசே இல்லாமலும் ஊர்கள் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடுகட்டும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. ஈரோடு பக்கம் வெள்ளோட்டிலும் இதே வழக்கம். அந்த ஊர்ப் பிள்ளைகளும் புதுத்துணி உடுத்திப் பலகாரம் தின்றுதான் தீபாவளி கொண்டாடுகிறார்கள்.

எண்ணெய், மிக்ஸர், மத்தாப்பு

எண்ணெய்க் குளியல் நல்ல வழக்கம். ஆனால் கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் மிக்ஸர் கிண்ணத்தைக் கொடுக்கக் கூடாது. ஒரு முழு வேர்க்கடலை போதும், மூச்சுக்குழாய் அடைபட. லேகியம் சுண்டைக்காய் அளவு போதும்.

கம்பி மத்தாப்பின் முனை சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் சூடேறும். அணைந்த கம்பியைத் தரையில் போடுவதால்தான் வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள் மிதித்துச் சுட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, முடிந்த கம்பி ஒவ்வொன்றையும் அதில் போடச் சொல்ல வேண்டும். பாவாடைக்குப் பருத்தித்துணியே நல்லது. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மை, ஐஸ்கட்டி எதுவும் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகம், கை, மூட்டுப் பகுதியில் பட்டாலோ கொப்புளம் பெரிதாக இருந்தாலோ 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். கண்ணில் வெடிச்சிதறல் குத்தியிருந்தால் தேய்க்கவோ பிடுங்கவோ கழுவவோ கூடாது. கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேராகக் கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.