பாதித் தூரம், ஏறத்தாழ அதே நேரம்

சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 640 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி 350-ஐ ஒட்டி. ஏறத்தாழ பாதிதான். ஆனால் இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொழும்புக்கு ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு, யாழ்ப்பாணத்துக்கு ஒன்றேகால் மணி. மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம்!

முதல் காரணம் விமானம். கொழும்புக்குப் பெரும்பாலும் ஜெட் போகிறது; உயரே ஏறிவிட்டால் மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டும். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுழலும் சிறிய விமானம். அதன் வேகம் 500 அளவில்தான். வால் பக்கத்துக் கதவு வழியாக ஏற வேண்டும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. இறங்கும் நேரத்தில் செம்மண் தோட்டங்களும் பனைகளும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பதுபோல் இருக்கும். அந்தக் காட்சிக்காகவே கால் மணி கூடப் போனாலும் பரவாயில்லை.

இரண்டாவது காரணம், டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிற்பது வரை அத்தனையும் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முறைக்குக் காத்திருப்பதும் தூரம் குறைந்தால் குறையாது. திருச்சியிலிருந்து பலாலி 185 கிலோமீட்டர்தான். அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள்.

நல்லவேளை, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றே. சிங்கப்பூர் டிக்கெட்டில் நேரத்தைக் கழித்துப் பார்த்து, நாலு மணிப் பயணத்தை ஆறரை மணி என்று நினைத்து மலைத்தவர்கள் உண்டு. இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

இதெல்லாம் நிமிடக் கணக்கு. பெரிய கணக்கு வேறு.

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்பு ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பின்னர் இலங்கையின் உள்நாட்டுப் போர் அந்த வழியை அடைத்தது. பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்காரர் சென்னை வர, தெற்கே 400 கிலோமீட்டர் இரவெல்லாம் பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து 640 கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டியிருந்தது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் கோடு போட்டால், அது யாழ்ப்பாணத்தை உரசிக்கொண்டுதான் வரும். சொந்த ஊருக்கு மேலேயே பறந்து போவதற்கு ஒரு ராத்திரிப் பயணம்!

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. நவம்பரில் சென்னை சேவை தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் பறந்தார்கள். 2025 மார்ச் இறுதியில் திருச்சியும் சேர்ந்துகொண்டது.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கொழும்புக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் பதினாறு கிலோமீட்டர்தான். கட்டுநாயக்கவில் இறங்கினால் இன்னும் ஏழெட்டு மணி நேரச் சாலைப் பயணம் பாக்கி. பஸ் காசையும் கெட்டுப்போன தூக்கத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.