கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயும் சி.டி. ஸ்கேனும்

கருப்பையின் உட்சவ்வில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே வருகிறது. நின்றுபோன உதிரப்போக்கு மறுபடி தலைகாட்டுவதுதான் அதன் முக்கிய அறிகுறி. ஒரு துளிக் கசிவானாலும் அலட்சியம் கூடாது. முதலில் பிறப்புறுப்பு வழியாக அல்ட்ராசவுண்ட் எடுத்துச் சவ்வின் தடிமனை அளக்கிறார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் சிறு துணுக்கெடுத்துப் பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். நோயை உறுதிசெய்வது பயாப்சிதான். சி.டி. ஸ்கேனுக்கு வேலை வருவது அதன் பிறகே.

கருப்பைக்குள் சி.டி.யின் பார்வை அவ்வளவு கூர்மையானதல்ல. உடல் திசுக்கள் எக்ஸ்-கதிரை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை வைத்தே அது படம் தருகிறது. கட்டியும் அதையொட்டிய தசையும் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுவதால், சாதாரணப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். அயோடின் கலந்த மருந்தைக் கையிலுள்ள சிரையில் ஏற்றி, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பொறுத்து எடுத்தால் தசை வெளிறித் தெரியும், கட்டி அதைவிட மங்கித் தெரியும். அப்போதும், தசைச்சுவரின் பாதி ஆழத்தைக் கட்டி தாண்டிவிட்டதா என்று அறுதியிட முடியாது. சிகிச்சையை முடிவுசெய்வதில் அந்தப் பாதி ஆழம் முக்கியமானது. அதைக் காண எம்.ஆர்.ஐ.யே ஏற்றது.

கருப்பையைத் தாண்டி வெளியே வந்தால் நிலைமை வேறு. மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் ஒரே தடவையில் சி.டி. காட்டிவிடுகிறது. நுரையீரலில் முடிச்சு, கல்லீரலில் கட்டி, வயிற்றில் நீர், குடலுக்கு முன் தொங்கும் கொழுப்புத் திரையில் திட்டுகள், சிறுநீர்க்குழாய் நெருக்கப்பட்டு வீங்கிய சிறுநீரகம் எல்லாம் இதில் அகப்படும். சீரஸ் என்னும் தீவிர வகை, கருப்பைச் சுவரை ஆழமாகத் துளைக்காமலே வயிற்றுக்குள் சிதறக்கூடியது. அத்தகையோருக்கு அறுவைக்கு முன் இந்த ஸ்கேன் மிகவும் தேவை. மெல்ல வளரும் வகை, தொடக்க நிலையிலேயே பிடிபட்டால், பலருக்கு இது தேவைப்படுவதில்லை.

நிணநீர்க் கணுக்களில்தான் சி.டி.யின் எல்லை தெளிவாகத் தெரிகிறது. கணுவின் குறுக்களவு 1 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகிக்கிறார்கள். ஆனால் வெறும் அழற்சியாலும் கணு பெருக்கும்; அளவில் இயல்பாக உள்ள கணுவிலும் நுண்ணிய புற்றுச்செல்கள் ஒளிந்திருக்கும். அதனால்தான் படம் சுத்தமாக வந்தாலும் அறுவையின்போது கணுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

இந்நோயாளிகளில் உடல்பருமனும் சர்க்கரை நோயும் அதிகம். சர்க்கரை நோய் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால், அயோடின் மருந்து ஏற்றுமுன், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பது அவசியம். சிகிச்சை முடிந்தபின் வலி, இருமல், உதிரப்போக்கு போன்ற அறிகுறி தோன்றினால், நோய் திரும்பியிருக்கிறதா என்று தேடவும் சி.டி. பயன்படுகிறது.