பக்கத்திலேயே ஒரு தீவு, ஓர் ஏரி

பூந்தமல்லிக்காரர்களுக்குத் தீவு என்றால் அந்தமான் நினைவுக்கு வரும், இல்லையென்றால் மாலத்தீவு. ஆனால் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறி, மீஞ்சூரில் இறங்கி, பொன்னேரி வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்தில் பழவேற்காடு வந்துவிடும். நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்தான். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கே இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு.

இந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். எஞ்சின் வருவதற்கு முன்பு மீனவர்கள் பாயையும் கழியையும் நம்பியே நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனார்கள். பூநாரை கால் ஊன்றி இரை தேடுவதும் ஆழமில்லாத இந்தத் தண்ணீரில்தான். இறாலும் நண்டும் மடவையும் வளர்வதும் இங்கேதான். நவம்பர் முதல் மார்ச் வரை போனால் பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை எல்லாவற்றையும் கரையிலிருந்தே பார்க்கலாம். ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம்.

தீவின் கதை வேறு. 1969இல் ராக்கெட் தளத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971இல் முதல் ராக்கெட் பறந்தது. அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் சில பழவேற்காட்டுப் பக்கம் குடிபெயர வேண்டியிருந்தது. அந்த இழப்பை மறக்கக் கூடாது. ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்ததால், சோழமண்டலக் கரையில் வேறெங்கும் அருகிப்போன உலர் பசுமைமாறாக் காடு அங்கே தப்பிப் பிழைத்தது. நினைத்த நேரத்தில் அங்கே போய் இறங்க முடியாது. ராக்கெட் ஏவும் நாளில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2019 முதல் பார்வையாளர் மாடம் உண்டு.

ஏரியைக் காத்ததோ மீனவர்களின் ஒழுங்கு. எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை தலைமுறைகளாக இங்கே நடக்கிறது. ஒருவர் மட்டும் அள்ளிக்கொண்டு போக அதில் வழியில்லை.

இன்று இரண்டு கவலைகள். முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல் நீர் உள்ளே வராது. இறால் குஞ்சும் வராது. அருகே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் கரை அரிப்பையும் மீன்வளத்தையும் பாதிக்கும் என்று மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். மூன்று தலைமுறையாக அந்தத் தண்ணீரைப் படித்தவர்கள் சொல்வதை அரசு முதலில் கேட்க வேண்டும்.

போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு மாவட்ட நிர்வாகம் படகுச் சவாரிக்குத் தடை விதித்தது. யாராவது "வாங்க, முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்று அழைத்தாலும் அனுமதியும் உயிர்காப்பு உடையும் இல்லாத படகில் ஏறாதீர்கள். காலையில் பறவைகளைப் பாருங்கள். வெயில் ஏறியதும் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். கரையில் மீன் விற்கும் பெண்களிடம் பேரம் பேசாமல் நண்டு வாங்குங்கள். பிளாஸ்டிக்கைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வாருங்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள்; நாளை இந்த ஏரிக்காகக் குரல் கொடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.