ஒரு மீன்பிடிக் கலத்தின் வரலாறு

கலமொன்றின் வரலாறு அது உலாவிய கடலின் வரலாறுமாகும். ஐக்கிய அமெரிக்காவின் தக்கோமா நகரத்துக் கட்டுந்துறையொன்றில் 1937ஆம் ஆண்டு மரத்தாற் கட்டப்பெற்ற 'வெஸ்ரேண் பிளையர்' இதற்குச் சான்றாகும். கலிபோர்ணியாவின் மொன்றேரித் துறையிலிருந்து சுருக்குவலையாற் சாளை பிடித்தலே அதன் தொழில்.

1940இல் எழுத்தாளர் யோன் ஸ்ரைன்பெக்கும் கடலுயிரியலறிஞர் எட் றிக்கெற்சும் அதனை வாடகைக்கு அமர்த்தி, மெக்சிக்கோ நாட்டுக் குடாவொன்றின் கரையோர உயிரினங்களை ஏறத்தாழ ஆறு வாரம் ஆராய்ந்தனர். அன்று அவர்கள் தொகுத்த பட்டியல், பிற்காலத்தில் அக்கரையில் நிகழ்ந்த மாற்றங்களை அளந்தறிய ஆய்வாளர்க்கு உதவிற்று.

மிகைப்பிடிப்பும் கடல்நிலை மாற்றமும் சேரச் சாளை அருகிற்று. கலம் பிற மீன் நாடி வடகடல் சென்றது. பெயர் மாறி, மூப்புற்று, 2012இலும் 2013இலும் நீரில் மூழ்கிற்று. 2015இல் வாங்கப்பட்டுப் புதுக்கப்பெற்று, 2023இல் ஆய்வுக்கும் கல்விக்குமுரிய கலமாக மொன்றேரியை மீண்டும் அடைந்தது. கடல் வாரிக்கொள்வதற்கு மாத்திரமன்று, அறிந்து பேணுதற்கும் உரியதென்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.