கடைசி 200 அடி

சாலைக் கம்போளத்தில் மூட்டை இறக்குவோருக்கும் கணக்கு எழுதுவோருக்கும் விமானச் சத்தம் புதிதல்ல. விமான நிலையம் இங்கிருந்து அதிக தூரமில்லை. பத்மநாப சுவாமியின் ஆராட்டு ஊர்வலம் பங்குனியிலும் ஐப்பசியிலுமாக ஆண்டுக்கு இருமுறை ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அந்தச் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். சுவாமி எழுந்தருளும் வேளையை விமானிகளுக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவித்து விடுகிறார்கள். ஆனால் அந்த விமானியின் அறைக்குள் என்ன நடக்கிறது என்பது, வளைகுடாவுக்குப் பத்து முறை போய் வந்தவருக்கும் தெரியாத சங்கதி.

1935-ல் டாட்டாவின் சிறு விமானம் பம்பாயிலிருந்து இவ்வூருக்கு வந்து இறங்கியது. அக்காலத்து விமானங்களில் விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் இடையே இருந்தது வெறும் கம்பிதான். கையை அசைத்தால் கம்பி இழுபடும். கம்பி இழுத்தால் இறக்கையின் ஓரப் பலகை அசையும். இன்று இங்கு வந்து போகும் போயிங் 737-ல் இரு விமானிகளுக்கும் முன்னால் ஆளுக்கொரு சக்கரப் பிடி இருக்கிறது. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கூடவே திரும்பும். உள்ளே இன்னமும் கம்பி ஓடுகிறது. பாரத்தைச் சுமப்பது எண்ணெய் அழுத்தம்.

ஏர்பஸ் ஏ-320-ல் சக்கரமே கிடையாது. இருக்கையின் ஓரத்தில் ஒரு சிறு கோல், அவ்வளவுதான். அதை அசைத்தால் மின்சாரச் செய்தி கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. அவை கணக்குப் பார்த்துத்தான் இறக்கையை அசைக்கும். விமானத்தை அளவுக்கு மீறிச் சாய்க்க விமானி முயன்றால் கம்ப்யூட்டர் இணங்காது. முதலாளியே சொன்னாலும், "அந்த ஆளுக்கு இதற்கு மேல் கடன் வேண்டாம்" என்று தடுக்கும் பழைய கணக்குப்பிள்ளை மாதிரி!

இந்த அறையில் மிகவும் ரசிக்கத்தக்கது இரண்டு கைப்பிடிகள். சக்கரங்களை இறக்கும் பிடியின் முனை ஒரு குட்டிச் சக்கரம் போலவே செய்யப்பட்டிருக்கும். இறக்கையின் பின்புறம் நீளும் 'பிளாப்' பலகைக்கான பிடி, தட்டையாக அந்தப் பலகை போலவே இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பல அமெரிக்க விமானிகள் தரையிறங்கிய கையோடு, பிளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கி, விமானத்தை வயிற்றில் படுக்க வைத்தனர். பக்கத்துப் பக்கத்தில் இருந்த பிடிகள் ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம் என்று அல்போன்ஸ் சாப்பானிஸ் என்ற உளநூல் அறிஞர் கண்டு சொன்னார். இருட்டில் தடவிப் பார்த்தே மல்லி எது, சீரகம் எது என்று சொல்லும் பலசரக்குக் கடைக்காரருக்கு இதில் ஆச்சரியம் இராது.

மேலே ஏறிய பின் பெரும்பாலான நேரம் விமானத்தை ஓட்டுவது 'ஆட்டோ பைலட்' என்னும் தானியங்கிக் கருவி. இறங்கும்போதோ ஓடுபாதையருகிலிருந்து இரண்டு ரேடியோக் கற்றைகள் வழி காட்டுகின்றன. ஒன்று இடம் வலம் சொல்லும். மற்றது உயரம் சொல்லும். சரிவு வழக்கமாக 3 டிகிரி. அதாவது ஒரு கிலோமீட்டர் முன்னேறினால் சுமார் 50 மீட்டர் இறக்கம். மேகத்துக்குள்ளே ஒன்றும் தெரியாவிட்டாலும் முள் நடுவில் நின்றால் வழி சரி.

ஆனால் சாதாரண வகைக் கருவியோடு இறங்கும்போது, தரைக்கு 200 அடி மேலே ஒரு வரம்பு உண்டு. அங்கே விமானி நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் எஞ்சின் பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி (ஏர்பஸ் என்றால் பிடியையே முழுக்க முன்னே தள்ளி) மறுபடி எழும்ப வேண்டும். அங்கிருந்து தரைக்குப் பதினைந்து விநாடி சொச்சந்தான் பாக்கி. யோசித்துக் கொண்டிருக்க நேரமில்லை. பனிக்காலத்து டில்லியில் கருவியே தரை வரை இறக்குவதும் உண்டு. அதற்கு ஓடுபாதையில் தனி ஏற்பாடுகளும் விமானிக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

இறங்கப் போன விமானம் திடீரென்று எழும்பினால் பிரயாணிகள் பதறுகிறார்கள். சிலர் விமானிக்கு ஓட்டத் தெரியவில்லை என்றே பேசுகிறார்கள். உண்மையில் அது விமானி செய்யும் நல்ல காரியம். ஆனால் எத்தனை முறை, எவ்வளவு எரிபொருளோடு என்பது வேறு கேள்வி. அதற்கு 2015-ல் திருவனந்தபுரமே சாட்சியானது.

அவ்வாண்டு ஆகஸ்டு 18-ந் தேதி, தோஹாவிலிருந்து சுமார் 150 பேருடன் கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் போயிங் 737 (இந்நிறுவனம் 2019-ல் பறப்பதை நிறுத்தி விட்டது), அதிகாலை மங்கலில் மூன்று முறை இறங்க முயன்று எழும்பியது. பிறகு திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. இங்கும் பாதை சரியாகத் தெரியவில்லை. மீண்டும் மூன்று முறை எழும்பியது. ஒவ்வொரு எழும்பலும் எரிபொருளை விழுங்கும். இறங்குகையில் அரை மணி நேரம் பறப்பதற்காவது கையிருப்பு வேண்டும் என்பது விதி. அந்தக் கையிருப்பும் கரையத் தொடங்கியது. விமானி 'மேடே' என்ற அபாயக் குரல் கொடுத்தார். இனி எழும்ப வழியில்லை என்ற நிலையில், ஏழாவது முயற்சியில் விமானம் ஓடுபாதையைத் தொட்டது.

கோளாறு யந்திரத்தில் இல்லை. இன்னொரு ஊருக்குப் போய்விடுவது என்ற முடிவை, எரிபொருள் தாராளமாக இருந்தபோதே எடுத்திருக்க வேண்டும். அந்த முடிவை எடுக்க அறையில் எந்தப் பொத்தானும் கிடையாது. வந்தவர்கள் அனைவரும் காயமின்றி இறங்கினர். இரு விமானிகளும் விசாரணைக்காகப் பறக்கும் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர்.