பழைய நாளிதழ் எதற்கு உதவும்?

தாமிரபரணிக் கரை ஊர்களில் நம் பாட்டிமார் பழங்காகிதத்தை நீரில் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுரலில் அரைத்து, அக்கூழைச் சுளகிலும் பெட்டியிலும் மெழுகிக் காயவைப்பர். வெந்தயப் பசை காகிதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இடுக்குகள் அடைபட, மாவும் குருணையும் சிந்தா. சற்றே பழுதான சுளகை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது வீண்செலவே என்பது நம் கருத்து.

சன்னல் கண்ணாடியை நனைத்த தாளால் துடைக்கலாம்; அலமாரியில் விரிக்கலாம். ஆனால், தாய்மார்களே, வடையை அதில் வைத்து எண்ணெய் பிழிய வேண்டா! சூடும் எண்ணெயும் அச்சு மையை இளக்கி உணவில் ஏற்றிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இதனை எச்சரித்தது. 2018-ஆம் ஆண்டு விதிகள் நாளிதழில் உணவு பொதிவதைத் தடைசெய்தன. பிள்ளைகளின் பலகாரம் பொதிய வாழையிலை நம் தோட்டங்களிலேயே உண்டு.