ஓட்டு இல்லை, ஆனா மைக் இருக்கு

“நாம எச்1பி-ல இருக்கோம், ஓட்டே கிடையாது. லோக்கல் பாலிடிக்ஸ் நமக்கு எதுக்கு?”ன்னு ஒரு நண்பர் கேட்டார்.

நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒருநாள் எங்க அபார்ட்மென்ட் வாசல்ல, ரோடு கிராஸ் பண்ணின ஒரு குழந்தைக்கு ரெண்டடி முன்னாடி கார் பிரேக் போட்டு நின்னுச்சு. இதை யார்கிட்ட சொல்றது?

நான் இருக்கிறது கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுன்டி. இதுக்குள்ள 15 சிட்டி. ஜெயில், பொது மருத்துவமனை, தேர்தல் நடத்துறது எல்லாம் கவுன்டி வேலை. அதுக்கு 5 சூப்பர்வைசர்கள். நம்ம தெரு, கிராசிங், கட்டட அனுமதி எல்லாம் சிட்டி கவுன்சில்.

இங்கே 1953-ல் வந்த பிரவுன் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்டணும். பொதுமக்களைப் பேச விடணும். சிட்டிசனா இருக்கணும்னு இல்லை. மொழிபெயர்ப்பாளர் வெச்சுப் பேசினா நேரம் ரெட்டிப்பு!

போனேன். 2 நிமிஷம் பேசினேன், கை நடுங்குச்சு. அஜெண்டாவில் இல்லாத விஷயத்துக்கு அன்னைக்கே முடிவெடுக்க முடியாது; அதிகாரிகளைப் பார்க்கச் சொல்வாங்க, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு ஊர்லேருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாவும் வந்தாங்க. அவங்க தமிழ்ல பேச, பேத்தி இங்கிலீஷ்ல சொன்னா. 4 நிமிஷம்!

கிராசிங் இன்னும் வரலை. ஆனா இப்போ ஒவ்வொரு அஜெண்டாவையும் திறந்து, எங்க தெருப் பேரைத் தேடுறேன். நீங்களும் உங்க தெருவைத் தேடிப் பாருங்க.